தலை போகிற வேலை

மை தெளிக்கிற பிரிண்டரைப் பழுது பார்க்கும் தொழிலில், கையில் ஒட்டுகிற மை கையில் வாங்குகிற சம்பளத்தைவிட அதிக நாள் தங்கும்.

பிரிண்டர் வைத்திருக்கும் அன்பர்களே, உங்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. அவசரமில்லாத நாளில் அது பாட்டுக்கு அடித்துத் தள்ளும். நாளைக்கே கொடுத்தாக வேண்டிய வேலை என்றால் சிவப்பு லைட்டைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். நீங்களும் மூடியைத் தட்டியிருப்பீர்கள், வயரைப் பிடுங்கிச் சொருகியிருப்பீர்கள், வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பீர்கள். அந்தத் திட்டையெல்லாம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வாங்கிக்கொண்டவள் நான்.

இரண்டாயிரத்தை ஒட்டி வந்த வருடங்களில் ஹட்டன் பஜாரில் ஒரு கடையில் பில் எழுதச் சேர்ந்தேன். ரேடியோ, அயர்ன், ரைஸ் குக்கர் விற்ற கடை அது. கம்ப்யூட்டரும் பிரிண்டரும் விற்க ஆரம்பித்திருந்தது. முதலாளிக்கு விற்கத் தெரியும், திறக்கத் தெரியாது. பழுதான பிரிண்டர்களைக் கொழும்புக்கு ஏற்றிவிடுவார். அது திரும்பி வருவதற்குள் வாங்கினவர்கள் வந்து வந்து கத்திவிட்டுப் போவார்கள். தலவாக்கலையில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்த தைரியத்தில், பழுதை நானே பார்க்கட்டுமா என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. அப்பா இறந்த பிறகு அம்மா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்துத்தான் வீடு ஓடியது. அம்மாவுக்கு அப்போது கூடை தூக்க முடியாமல் முதுகு பிடித்துக்கொண்டது. பில் எழுதுகிற சம்பளத்தில் இரண்டு பேர் சாப்பிட முடியாது. குவைத்தில் வீட்டு வேலை இருக்கிறது என்று ஏஜென்ட் ஒருவன், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தான். எனக்குப் போகப் பிடிக்கவில்லை. பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பேர் மேசைக்குச் சம்பளம் கூட. மேசை நிலைத்தால் ஹட்டன், மேசை போனால் குவைத். முதலாளி தாடையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "மேசை போட்டுத் தாரேன், புள்ள. ஆனா உன்னால முடியலேன்னு ஒரு மெசின் கொழும்புக்கு ஏறுச்சுன்னா, அன்னைக்கே மேசையை மடிச்சு வச்சிருவேன்."

மூடியைத் திறந்த அன்று

உள்ளே பெரிய கூட்டமே இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். ஒரு இரும்புத் தண்டு. அதன்மேல் வழுக்கி ஓடும் சின்ன வண்டி. வண்டியின் அடியில் மை தெளிக்கும் தலை. வண்டியைப் பிடித்து இழுக்கப் பல் வைத்த ரப்பர் பெல்ட், பெல்ட்டைச் சுற்ற ஓரத்தில் ஒரு குட்டி மோட்டர். மோட்டர் ஒரு பக்கம் சுற்றினால் தலை வலத்துக்கு ஓடும், மறுபக்கம் சுற்றினால் இடத்துக்கு ஓடும். தையல் மெசினுக்குள்கூட இதைவிடச் சாமான் அதிகம். இதற்கா கொழும்பு வரைக்கும் லொறி என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்புறம்தான் அந்த நாடாவைப் பார்த்தேன். வண்டிக்குப் பின்னால், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும், கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாடா இழுத்துக் கட்டியிருந்தது. வெறும் நாடாவாகத்தான் தெரிந்தது. முதலாளி கைக்கடிகாரம் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துப் பார்த்தால், நாடா முழுக்கக் கோடு. மயிரைவிட மெல்லிய கோடு, பக்கத்தில் பக்கத்தில், ஒன்றுகூடச் சாயாமல். வண்டியின் முதுகில் ஒரு சின்ன மின்கண் இருக்கிறது. வண்டி ஓட ஓட அந்தக் கண் கோடுகளை எண்ணிக்கொண்டே ஓடுகிறது. எண்ணிக்கையை வைத்துத்தான் தலைக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிகிறது. அந்த இடம் வந்ததும் ஒரு துளி மையை விடுகிறது. நின்று விடுவதில்லை, ஓட்டத்திலேயே விடுகிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. இதைச் செய்தவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பில் புத்தகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ உக்காந்து நிதானமா கூட்டுற, அப்பவும் தப்பு வருது. இது ஓடிக்கிட்டே எண்ணுதே, புள்ள!"

பெரட்டு

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெரட்டு என்பது, விடிந்ததும் தொழிலாளர்கள் வந்து நின்று, பேர் கொடுத்து, இன்றைக்கு எந்த மலையில் வேலை என்று கேட்டுக்கொண்டு போகும் இடம். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து, அங்கே ஆபீஸ் வேலையெல்லாம் பார்க்கும் பெரிய கிளாக்கர் போனில் பிடித்தார். "தங்கச்சி, மெசின் பெரட்டுக்கு வருது. பேரும் கொடுக்குது. மலைக்குப் போன்னா பாதி வழியில நின்னுக்குது" என்றார். பக்கத்தில் காதை வைத்துக் கேட்ட முதலாளி ரிசீவரைப் பொத்திக்கொண்டு, இவருக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கிவிட்டது. பிரிண்டரைப் போட்டதும் தலை முதலில் ஓரச் சுவர் வரைக்கும் மெதுவாகப் போய்த் தொட்டுப் பார்க்கும். இதுதான் என் மூலை என்று நிச்சயம் செய்துகொண்டு, அங்கிருந்துதான் கோடுகளை எண்ணத் தொடங்கும். இந்த மூலையைத் தொடாமல் எந்த வேலைக்கும் கிளம்பாது. மெசினோடு வந்த புத்தகத்தில் இதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பேர் போட்டிருந்தது. அன்றிலிருந்து என் மேசையில் இதற்குப் பேர் பெரட்டு. "அது பெரட்டுக்கு வருதா?" என்பதுதான் போனில் நான் கேட்கும் முதல் கேள்வி. ஆம், இல்லை என்று பதில் வந்தாலே பாதிப் பழுது தெரிந்துவிடும்.

பஸ்ஸைப் பிடித்துப் போய், ஆபீஸுக்கு ஏறினேன். பெரிய கிளாக்கர் மெசினைப் பச்சைப் பிள்ளையாகப் பார்த்திருக்கிறார். பனி உள்ளே இறங்கிவிடக் கூடாதென்று தினம் சாயங்காலம் அதன்மேல் கம்பளியைப் போர்த்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம். மழைக்கு எங்கள் ஆட்கள் தலையில் போட்டுக்கொள்ளும் அதே முரட்டுக் கம்பளி. அதன் மயிர் உதிர்ந்து உதிர்ந்து, பெல்ட் சுற்றுகிற சின்னச் சக்கரத்தில் அடைந்து போயிருந்தது. இடுக்கியால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. என்னை மலைக்க வைத்தது வேறு. அவ்வளவு அடைந்தும் மோட்டர் எரிந்து போகவில்லை. இழுத்துப் பார்த்திருக்கிறது, பாரம் கூட என்று தெரிந்ததும் கொஞ்சம் பின்வாங்கி, லைட்டைச் சிமிட்டிச் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. அதை விளக்கினேன். பெரிய கிளாக்கர் ஜன்னல் வழியே, நிறைந்த கூடைகளோடு இறங்கி வரும் பெண்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பாரம் தாங்கலேன்னதும் நின்னு சொல்லுது பாருங்க, தங்கச்சி. நம்ம சனம் சொல்லாதுங்க."

மாஸ்டரின் எண்ணெய்

உடப்புசல்லாவைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த விஞ்ஞான மாஸ்டர் ஒருவர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். "காலமை அசையுதேயில்லை, பிள்ளை. மத்தியானம் நல்லா ஓடுது. தடிமன் பிடிச்சிட்டுதோ தெரியேல்லை" என்றார். மெசினுக்குச் சளி பிடிக்குமா என்று சிரித்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே உண்மை. காலையில் தலை தண்டோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. கையால் தள்ளினாலும் நகரவில்லை. மோட்டரைப் பார்த்தேன், பெல்ட்டைப் பார்த்தேன், எல்லாம் நன்றாக இருந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மெசினைக் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டி வருமோ என்று தோன்றியது. மேசை ஞாபகம் வந்தது, ஏஜென்ட் முகமும் வந்தது.

வெயில் ஏறி, அறை சூடானதும் தலை தானாக இளகியது. ஊதினால்கூட நகர்ந்துவிடும் போல அப்படி ஒரு வழுக்கல். இரும்பின் மேல் வண்டி ஓடுவதற்கு இடையில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு எண்ணெய்தான். அந்தப் பூச்சில்தான் எழுத்தெல்லாம் பிழைக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தண்டின் கோடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்ததைப் பார்த்து, இரும்பு கெட்டுவிட்டதோ என்று மாஸ்டரிடம் காட்டினேன். அவர் விரலால் தொட்டு, மோந்து பார்த்து, தன் தலையைத் தடவிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். மெசின் கிறீச்சிட்டது என்று, தான் தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெயை அவர்தான் பூசியிருக்கிறார். அதுவும் உறைந்து போயிருந்த போத்தலை வெயிலில் வைத்து உருக்கி எடுத்துப் பூசியிருக்கிறார். சிரிப்பு அடங்கினதும், துணியால் தண்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஊரிலை இந்த எண்ணெய் ஒருநாளும் உறைஞ்சதில்லை, பிள்ளை. இஞ்சை வந்து நான் மட்டும்தான் உறைஞ்சு போனன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்."

போகும்போது பாதி, வரும்போது பாதி

எங்கள் கடைக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்த பண்டார மஹத்தயா, அதாவது பண்டார ஐயா, மருந்துப் போத்தல்களுக்கு லேபல் அடிப்பார். ஒரு நாள் அடித்த லேபலில் நேர்க்கோடெல்லாம் நடுவில் முறிந்து, மேல் பாதி ஒரு பக்கமும் கீழ்ப் பாதி ஒரு பக்கமுமாக நின்றது. சிங்கள எழுத்தின் வட்டமெல்லாம் உடைந்த வளையலாக இருந்தது. மை நன்றாக இருந்தது, தலையும் நன்றாக ஓடியது.

அவசரமாக அடிக்கும்போது தலை சும்மா திரும்பி வராது. போகும்போது ஒரு வரிசை, வரும்போது ஒரு வரிசை என்று இரண்டு பக்கமும் அடிக்கும். ஓடுகிற பஸ்ஸிலிருந்து பேப்பர் கட்டை எறிகிறவன், கடைக்கு நேரே வந்ததும் எறிந்தால் கட்டு அடுத்த கடையில் போய் விழும். முன்னாலேயே எறிய வேண்டும். தலையும் அப்படித்தான், போகும்போது ஒரு பக்கம் முந்தி எறிய வேண்டும், வரும்போது மறுபக்கம் முந்தி எறிய வேண்டும். இரண்டும் ஒரே புள்ளியில் விழ வேண்டும். நல்ல மெசினில் அது விழுகிறது. ஒரு எழுத்தின் தோளைப் போகும்போதும் இடுப்பை வரும்போதும் எழுதி, தையல் தெரியாமல் சேர்த்துவிடுகிறது. இந்த மெசினில் அந்தக் கணக்கு கொஞ்சம் பிசகியிருந்தது. சரிபார்க்கிற தாளை அடித்து, எந்தக் கோடு நேராக இருக்கிறதோ அதைக் காட்டிக் கொடுத்ததும் மெசின் தன்னைத்தானே திருத்திக்கொண்டது. நான் கையால் தொடக்கூட இல்லை. இதை எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன், மஹத்தயா என்னைத் தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் முடித்து வைத்தார்: "நங்கி, போற ஆளும் வாற ஆளும் ஒரே ஆள்தானே. அப்புறம் என்னத்துக்கு சண்டை?"

அம்மா வந்த நாள்

ஏஜென்ட் ஒரு நாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டான். பாஸ்போர்ட்டுக்குப் போக நாள் கேட்கிறான். ரிப்பேர் வேலை என்பது இன்றைக்கு இருக்கும் நாளைக்கு இருக்காது, குவைத் என்றால் நிரந்தரம் என்று முதலாளிக்குக் கேட்கும்படியே சொன்னான். அம்மா அவன் பேச்சைக் கவனிக்கவில்லை. மேசையில் மூடி கழற்றி வைத்திருந்த பிரிண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, நாடாவைக் காட்டி, அந்தக் கண் எண்ணுகிற விதத்தைச் சொன்னேன்.

அம்மா குனிந்து பார்த்தார். முதுகு வலித்திருக்கும், நிமிரவே இல்லை. "எவ்வளவு வேகமா ஓடினாலும் எண்ணிக்கை தப்பாதா?" என்று கேட்டார். தப்பாது என்றேன். "ஈரம்னு சொல்லிக் கழிக்காதா?" என்றார். எடுத்த கொழுந்தை நிறுக்கும்போது, ஈரத்துக்கு என்று ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் அம்மாவுக்கு இத்தனை வருடமும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கழிக்காது என்றேன். அம்மா பூதக்கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு, ஏஜென்ட்டின் காதிலும் விழும்படி சொன்னார்: "அப்ப இந்தக் கண்ணைக் கொண்டுபோய்க் கொழுந்து நிறுக்கிற எடத்துல வைக்கச் சொல்லு. நான் எதுக்கு உன்னைக் குவைத்துக்கு அனுப்பப் போறேன்?"

பொதி நாடா

தலவாக்கலையில் சிவகாமி அக்கா ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருந்தார். வெளிநாட்டுக்குப் போன் பேசுவதும், ஈமெயில் பார்ப்பதும், போட்டோகாப்பி எடுப்பதும் அங்கேதான். ஒரு நாள் காலையில் அவரும், பக்கத்துத் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்யும் லோகு அண்ணன் என்பவரும், பிரிண்டரைப் பழைய சேலையில் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். லோகு அண்ணனின் மகள் பெரிய மனுஷியாகியிருந்தாள். மறுநாள் சடங்கு. பிள்ளையின் அம்மா குவைத்தில். லீவு கிடைக்கவில்லை. அம்மா இல்லாமல் மணையில் உட்கார மாட்டேன் என்று பிள்ளை பிடிவாதமாக இருக்கிறாள். வீட்டில் இருந்தது அம்மாவின் தீப்பெட்டி அளவு படம் ஒன்றுதான். அம்மாவின் பெரிய படத்தை எடுத்து வந்து மணைக்கு முன்னால் வைக்கிறேன் என்று அப்பா வாக்குக் கொடுத்ததும்தான் பிள்ளை சோறே சாப்பிட்டிருக்கிறாள். வேலை செய்கிற வீட்டுப் பையன் எடுத்த புதுப் படம் ஈமெயிலில் வந்துவிட்டது. அதை நன்றாக அடித்துக் கொடுக்க வேண்டும் என்று சிவகாமி அக்கா மெசினைத் துடைத்திருக்கிறார். புது பிரிண்டரில் தலை ஆடாமல் இருக்க ஒட்டி அனுப்புகிற பொதி நாடாவை வாங்கியதும் உரிக்க வேண்டும் அல்லவா? இது உரிக்காமல் விட்ட பொதி நாடா என்று நினைத்துக் கோட்டு நாடாவைப் பிடித்து இழுத்துவிட்டார். நாடா ஒரு கோடியில், கொக்கியில் மாட்டுகிற ஓட்டையோடு பிய்ந்து போனது.

மெசினைப் போட்டுப் பார்த்தேன். தலை முழு வேகத்தில் ஓடிப் போய்ச் சுவரில் டமாரென்று மோதியது. எண்ணுவதற்குக் கோடு இல்லாததால், தான் நகரவே இல்லை என்று நினைத்து இன்னும் இன்னும் ஓடப் பார்க்கிறது. லோகு அண்ணன் தன் நெஞ்சில் அடி விழுந்ததைப் போலத் துடித்துப் போனார். கடையில் அன்றைக்கு விற்பனைக்கு வேறு பிரிண்டர் இல்லை. மேசையில் கிடந்தவை கறுப்பு மட்டும் அடிப்பவை. ஸ்டூடியோவில் பெரிய படம் என்றால் கண்டிக்கு அனுப்பி எடுக்க வேண்டும். நாடா கொழும்பில்தான் கிடைக்கும். "இது கொழும்புக் கேஸு, புள்ள" என்றார் முதலாளி. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார்.

நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோடுகள் பிழைத்திருந்தன. போனது கோடில்லாத நுனியும் ஓட்டையும்தான். அதே தடிப்பில், அதே விறைப்பில் ஒரு துண்டு கிடைத்தால் வாலாக ஒட்டி, புது ஓட்டை போட்டு மாட்டிவிடலாம். காகிதம் தொய்யும், தகரம் வெட்டும். என்ன கிடைக்கும் என்று கடை முழுக்கக் கண்ணை ஓட்டினேன். கல்லாவுக்குப் பக்கத்தில், காலண்டருக்குப் பின்னால், முதலாளியின் முழங்கால் எக்ஸ்ரே படம் சொருகியிருந்தது. கையை நீட்டினேன். முதலாளி பதறிப் போனார். லோகு அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படத்தை எடுத்து ஒரு தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நீட்டினார்: "ஓரத்துல வெட்டு. மூட்டுல கை வச்சிராத, டாக்டருக்குக் காட்டணும்."

நெற்றி, கண், வாய்

கோட்டில் பசை படாமல் ஒட்டினேன். மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டினேன். நாடா இம்மி ஏறியிருந்தாலும் கண்ணின் இடுக்கில் உரசும், இம்மி இறங்கியிருந்தாலும் கோடு தெரியாது. ஈரத் துணியால் விரல் ரேகையைத் துடைத்து, கொக்கியில் மாட்டி, ஸ்பிரிங்கை இழுத்துவிட்டேன். மெசினைப் போட்டேன். சிவகாமி அக்கா காதைப் பொத்திக்கொண்டார். தலை கிளம்பியது, மெதுவாகப் போனது, சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்றது, திரும்பி வந்தது. பெரட்டு முடிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் மெசினைக் கட்டிப் பிடித்திருப்பேன், கடையில் ஆள் இல்லாவிட்டால்.

சிவகாமி அக்கா பிளாப்பியில் கொண்டு வந்த படத்தைக் கடைக் கம்ப்யூட்டரில் திறந்து, அவர் கொண்டு வந்த படத்தாளை வைத்தோம். எத்தனையோ தரம் பார்த்ததுதான், ஆனாலும் அன்றைக்குப் பார்த்தது போல நான் பார்த்ததில்லை. தலை போனது, வந்தது. முதலில் ஒரு வெள்ளைச் சுவர். போனது, வந்தது. கட்டியிருந்த முக்காட்டின் விளிம்பு. பிறகு நெற்றி, பொட்டில்லாத நெற்றி. நால்வரும் குனிந்து நின்றோம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நூலளவு முகம் கூடியது. புருவம் வந்தது. கண்ணின் மேல் இமை மட்டும் வந்து, கண் வராமல், எங்களை ஒரு ஓட்டம் காக்க வைத்தது. அடுத்ததில் கண் வந்தது. கடல் தாண்டி இருக்கும் ஒரு மனுஷி, ஹட்டன் பஜாரில், துளி துளியாக, கோடு கோடாக, ஒரு துளிகூட இடம் மாறாமல் வந்துகொண்டிருந்தாள். இது கடவுள் காரியமா மனுஷன் காரியமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

லோகு அண்ணன் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மெலிஞ்சு போயிட்டாங்களா அண்ணே?" என்று சிவகாமி அக்கா கேட்டதும் காதில் விழவில்லை. மூக்கு முடிந்து, உதட்டின் மேல் கோடு வரத் தொடங்கும்போது, தாள் இனிக் கொஞ்சம்தான் மிச்சம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "கொஞ்சம் மெதுவா ஓடச் சொல்லுங்க, தங்கச்சி. முடிஞ்சிறப் போகுது."

சடங்கு வீடு

அவர்கள் போன பிறகு முதலாளி வெட்டுப்பட்ட முழங்காலைக் காலண்டருக்குப் பின்னால் சொருகினார். கொழும்பு பற்றி மூச்சு விடவில்லை. கடையைப் பூட்டும்போது மட்டும், ஏஜென்ட் வந்தால் தானே பேசிக்கொள்வதாகவும், மேசை அங்கேயே கிடக்கட்டும் என்றும் சாவியிடம் சொல்வது போலச் சொன்னார். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் நான் வெளியே எதையும் பார்க்கவில்லை. அவ்வளவு நிம்மதி.

மறுநாள் லோகு அண்ணன் விடாப்பிடியாக அழைத்ததால் சடங்குக்குப் போனேன். பிள்ளை பட்டுக் கட்டி, பூ வைத்து, மணையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே நாற்காலியில் அம்மா, கண்ணாடிச் சட்டம் போட்டு, மாலையில்லாமல். உயிரோடு இருக்கிற ஆளுக்கு மாலை போடக் கூடாதென்று சொந்தக்காரர்கள் சண்டை பிடித்துக் கழற்றியிருக்கிறார்கள். மாமன் சீர் வைத்தார், பெண்கள் நலங்கு வைத்தார்கள். பிள்ளை யாரையும் பார்க்கவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முறை வந்து நானும் அவள் கன்னத்தில் சந்தனம் தடவினேன். படம் அடித்துக் கொடுத்த அக்கா இவர்தான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். என் கையைப் பிடித்துக் குனிய வைத்து, காதருகே கேட்டாள்: "அந்த மெசினோட தலை எவ்வளவு தூரம் போனாலும் பெல்ட்டு இழுத்துக்கிட்டு வந்திருமாமே, அப்பா சொன்னாரு. அம்மா போறப்போ அப்படி ஒன்னு கட்டிவிட்டிருக்கலாமே, அக்கா?"

அவள் மறு கன்னத்திலும் சந்தனம் தடவிவிட்டு நிமிர்ந்தேன்; என்னைப் பொறுத்தவரை, குவைத்துக்கு ஓடவிடாமல் இந்த மலையிலேயே இழுத்துப் பிடித்து வைத்தது என் படிப்போ கெட்டிக்காரத்தனமோ அல்ல, முதலாளியின் முழங்கால் ஓரம்தான்.